கிரீடம் கழன்ற கழுகு: போலந்துக் காசுகளை வாசிக்கக் கற்பது

காசைச் சுண்டிவிட்டு நாம் "பூவா தலையா" என்று கேட்போம். போலந்தில் "ஓஷெவ் சி ரெஷ்கா" என்று கேட்பார்கள். ஓஷெவ் என்றால் கழுகு. ரெஷ்கா என்பது மதிப்பு எழுதிய மறுபக்கம். காசின் ஒரு பக்கத்துக்குப் பெயரே கழுகு என்று ஆகிவிட்ட நாடு அது. அந்தப் பக்கத்தில் வேறு எதையாவது போட்டால் பூவா தலையாகூடப் போட முடியாது.

போலந்தின் தேசியச் சின்னம் சிவப்புக் கேடயத்தின் மேல் நிற்கும் வெள்ளைக் கழுகு. ஒரு நாட்டின் சின்னம் என்றால் அது மாறாத ஒன்று என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். போலந்துக் காசுகளை ஆண்டு வரிசையில் அடுக்கிப் பாருங்கள், அந்த நினைப்பு போய்விடும். அதே கழுகு ஒரு காலத்தில் கிரீடத்தோடு நிற்கிறது, ஒரு காலத்தில் வெறுந்தலையோடு நிற்கிறது. ஒரு காலத்தில் இன்னொரு பெரிய கழுகின் மார்பில் பொட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. சில ஆண்டுகள் ஆளையே காணோம்.

முதலில் ஒரு எளிய பயிற்சி. 1970களின் ஒரு ஸ்வோட்டிக் காசு ஒன்றையும், 1990 என்று ஆண்டு போட்ட ஒரு ஸ்வோட்டி ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். (ஸ்வோட்டி என்பது அந்நாட்டுப் பணம்; 'பொன்னானது' என்று பொருள். நூறு கிரோஷ் சேர்ந்தால் ஒரு ஸ்வோட்டி.) பழையது அலுமினியம், ஊதினால் பறந்துவிடும் போல இருக்கும். புதியது செம்பும் நிக்கலும் கலந்தது, கையில் கனம் தெரியும். உலோகத்தை விடுங்கள், கழுகைப் பாருங்கள். பழையதில் தலை மொட்டை. புதியதில் கிரீடம். அப்புறம் விளிம்பில் ஓடும் எழுத்து: பழையதில் 'போலந்து மக்கள் குடியரசு', புதியதில் 'போலந்துக் குடியரசு'. இந்த இரண்டு வேறுபாட்டுக்கும் நடுவில் ஓர் ஆட்சியே கவிழ்ந்திருக்கிறது.

எந்தக் காலத்துப் போலந்துக் காசு கையில் கிடைத்தாலும் மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்: கழுகின் தலை, கழுகின் மார்பு, விளிம்பு எழுத்து. தலை, நாடு யாருக்கும் கட்டுப்படாத நாடா என்பதைப் பற்றிப் பேசும். மார்பு, யார் ஆள்கிறார் என்று சொல்லும். எழுத்து, நாடு தன்னை என்ன பெயர் சொல்லி அழைத்துக்கொள்கிறது என்று காட்டும். மூன்றும் எப்போதும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத காசுகள்தான் எனக்குப் பிடித்தவை.

அது கழுகுதானா?

ஆரம்பமே ஒரு சந்தேகத்தோடுதான். ஏறத்தாழ கி.பி. 1000-ஐ ஒட்டி போலெஸ்வாஃப் ஹ்ரோப்ரி என்ற அரசர் வெளியிட்ட சிறிய வெள்ளிக் காசு ஒன்று இருக்கிறது. தெனார் என்பார்கள். அதில் ஒரு பறவை நிற்கிறது. சுற்றிலும் 'போலந்தின் இளவரசர்' என்று பொருள்படும் லத்தீன் எழுத்து. போலந்து என்ற பெயர் எழுத்தில் காணக் கிடைக்கும் மிகப் பழைய இடங்களில் இந்தக் காசும் ஒன்று. ஆனால் அந்தப் பறவை? கழுகு என்று சிலர், மயில் என்று சிலர், சேவல் என்றுகூடச் சிலர். தலையில் கொண்டை மாதிரி ஏதோ இருக்கிறது, வால் விரிந்திருக்கிறது. படத்தைப் பார்த்தால் மயில் கட்சியின் பக்கம் சாயத் தோன்றும், நான் சாய்ந்துவிட்டேன். இன்றைய 20 ஸ்வோட்டி நோட்டில் போலெஸ்வாஃபின் முகமும், பின்பக்கத்தில் இந்தக் காசின் படமும் இருக்கின்றன. ஆக, என்ன பறவை என்றே முடிவாகாத ஒரு பறவை தினமும் கோடிக்கணக்கான கைகளில் மாறிக்கொண்டிருக்கிறது.

சந்தேகமில்லாத கழுகுக்கு 1295 வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன், 1138-இல் நாடு அரச குடும்பத்துப் பிள்ளைகளுக்குள் பாகம் பிரிந்து, ஒவ்வொரு சிற்றரசரும் தன் துண்டைத் தான் ஆண்டுகொண்டிருந்தார். அந்த நிலையில் இரண்டாம் ப்ஷெமிஸ்வ் என்பவர் 1295-இல் க்னியெஸ்னோ நகரில் முடிசூடிக்கொண்டார். அவருடைய அரச முத்திரையின் ஒரு பக்கத்தில் அரியணையில் அவர், மறுபக்கத்தில் கிரீடம் அணிந்த கழுகு. அதாவது அந்தக் கிரீடம் அலங்காரத்துக்கு வைத்தது அல்ல. 'துண்டு துண்டாக இருந்தது மறுபடி ஓர் அரசு ஆகிவிட்டது' என்ற அறிவிப்பு அது. கிரீடத்தின் பொருள் இதுதான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எழுநூறு ஆண்டு கழித்து இதே பொருளுக்காக மறுபடி சண்டை வரப்போகிறது.

முத்திரையிலிருந்து கழுகு காசுக்கு முழுமையாக இறங்கியது மூன்றாம் காஸிமிர் காலத்தில். 1367 வாக்கில் அவர் வெளியிட்ட கிராக்கோவ் கிரோஷ் என்ற வெள்ளிக் காசில் ஒரு பக்கம் பெரிய கிரீடம், மறுபக்கம் முடிசூடிய கழுகு. வேடிக்கை என்னவென்றால், வரலாற்றுப் புத்தகங்களுக்கு அவர் மூன்றாம் காஸிமிர். காசில் பொறித்திருப்பதோ 'முதலாம் காஸிமிர்'. முந்தைய இரண்டு காஸிமிர்களும் முடிசூடவில்லை, முடிசூடியவர்களில் இவரே முதல் என்ற கணக்கு. இவர் பியாஸ்த் வம்சத்தின் கடைசி அரசர். அந்த வம்சப் பெயரையும் நினைவில் வையுங்கள், 1940களில் அதை மறுபடி இழுப்பார்கள்.

மார்பில் ஒட்டிய குடும்பப் பெயர்ப்பலகை

பியாஸ்த் வம்சம் முடிந்து, லித்துவேனியாவோடு போலந்து உறவாகி, 1569-இல் இரண்டும் ஒரே கூட்டரசாக ஆயின. காசில் கழுகுக்குத் துணை வந்தது. பாய்ந்து வரும் குதிரை வீரன்; கையில் ஓங்கிய வாள். அது லித்துவேனியாவின் சின்னம். போலிஷ் மொழியில் அதைப் போகோன் என்பார்கள், 'துரத்தல்' என்று பொருள். கேடயத்தை நான்காகப் பிரித்து எதிரெதிர் மூலைகளில் கழுகையும் குதிரை வீரனையும் போடுவது வழக்கமானது.

1573-இலிருந்து அரசரைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. பிரபுக்கள் கூடி ஓட்டுப் போட்டு அரசரைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்பா அரசர் என்பதால் பிள்ளை அரசராகிவிட முடியாது. அந்த ஏற்பாட்டில் காசுக்கு ஒரு சிக்கல் வந்தது: கழுகு நாட்டினுடையது, அதில் மாற்றம் கூடாது, புதிதாக வந்த அரசருக்கோ தன் குடும்ப அடையாளத்தைக் காட்டியாக வேண்டும். தீர்வு, கேடயத்தின் நடுவிலோ கழுகின் மார்பிலோ ஒரு குட்டிக் கேடயம். ஸ்தெஃபான் பாத்தோரி வந்தபோது அதில் ஓநாய்ப் பற்கள் மூன்று. வாசா குடும்பத்து அரசர்கள் வந்தபோது ஒரு கதிர்க்கட்டு. யான் சோபியெஸ்கிக்கு யானினா என்ற அவர் குடும்பக் கேடயம். கடைசி அரசர் ஸ்தானிஸ்வாஃப் ஆகஸ்ட் போனியதோவ்ஸ்கி காலத்தில் ஒரு காளைக் கன்று. வாடகைக்கு வருகிறவர்கள் வீட்டு வாசலில் தங்கள் பெயர்ப்பலகையை மாட்டிக்கொள்வது போலத்தான். வீடு அதே வீடு. எழுத்து தேய்ந்து அரசர் பெயர் படிக்க முடியாமல் போன காசைக்கூட இந்த மார்புச் சின்னத்தை வைத்துக் காலம் சொல்லிவிடலாம்.

இந்தக் காலத்துக் காசுகளில் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 1655-இல் சுவீடன் படையெடுத்து நாட்டைச் சூறையாடியது. கஜானா காலி, சிப்பாய்களுக்குச் சம்பளம் பாக்கி. போராத்தினி என்ற இத்தாலியர் ஒருவரிடம் சின்னச் சின்னச் செம்புக் காசுகளை அடித்துத் தரும் வேலையை ஒப்படைத்தார்கள். 1659-இலிருந்து அடுத்த பத்தாண்டுக்குள் நூறு கோடிக்கும் மேல் காசு அடிக்கப்பட்டது. மக்கள் அதற்கு 'போராத்தின்கா' என்று அவர் பெயரையே வைத்துவிட்டார்கள், மரியாதையாக அல்ல. காசின் மதிப்பு ஒன்று, உள்ளே இருந்த செம்பின் விலை அதைவிட மிகக் குறைவு. போலந்துக்காக அடித்ததில் கழுகு, லித்துவேனியாவுக்காக அடித்ததில் குதிரை வீரன். நகத்தளவு செம்பில் அவசர அவசரமாக அடித்த கழுகுகள் பல நேரம் நசுங்கிய கோழி மாதிரி இருக்கும். இதே மனிதர்தான் 1675-இல் ஒரு நூலில், நீளத்தை அளக்க உலகம் முழுதுக்கும் பொதுவான ஓர் அலகு வேண்டும் என்று சொல்லி அதற்கு 'மீட்டர்' என்று பெயர் வைத்தவர். காசில் அளவு தவறியதற்கு ஈடாக இருக்கட்டும்.

கழுகுக்குள் கழுகு

1772, 1793, 1795 என்று மூன்று தவணையில் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் போலந்தைப் பங்குபோட்டுக்கொண்டன. நாடே வரைபடத்தில் இல்லை என்றால் சின்னம் எங்கே இருக்கும்? 1815-க்குப் பிறகு ரஷ்யாவின் ஜார் மன்னரே போலந்தின் அரசராகவும் இருப்பார் என்ற ஏற்பாட்டில் ஒரு 'போலந்து இராச்சியம்' உண்டாக்கப்பட்டது. அந்தக் காசுகளைப் பார்த்தால் ஒரு பக்கம் ஜார் அலெக்சாந்தரின் முகம். மறுபக்கம் ரஷ்யாவின் இரட்டைத்தலைக் கழுகு. அந்தக் கழுகின் மார்பில் குட்டிக் கேடயம், அதற்குள் நம் வெள்ளைக் கழுகு.

முன்பு என்ன பார்த்தோம்? கழுகு நாடு, மார்புக் கேடயம் வந்துபோகும் ஆள். இங்கே அது அப்படியே தலைகீழாகிவிட்டது. வீட்டுக்காரராக இருந்த கழுகு இப்போது பெயர்ப்பலகையாகத் தொங்குகிறது. அரசியல் நிலைமையை விளக்கப் பல பக்கம் எழுதலாம். காசு பொறித்தவர் அரை அங்குலத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

1830 நவம்பரில் வார்சாவில் கிளர்ச்சி வெடித்தது. 1831 ஜனவரியில் போலந்து நாடாளுமன்றம் ஜாரை அரச பதவியிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. வார்சா நாணயச்சாலை கிளர்ச்சியாளர் கையில். உடனே காசு மாறியது: ஜாரின் முகம் போனது, இரட்டைத்தலைக் கழுகு போனது. ஒரு கேடயத்தில் போலந்துக் கழுகும் லித்துவேனியக் குதிரை வீரனும் மட்டும், மேலே கிரீடம். முப்பதாண்டுக்கு மேல் காணாமல் போயிருந்த ஜோடி.

ஆனால் வெளிநாட்டில் துப்பாக்கி வாங்க இந்தக் காசு உதவாது. கிளர்ச்சி அரசின் காசை யார் வாங்குவார்கள்? ஐரோப்பா முழுக்கச் செல்லுபடியான தங்கக் காசு அப்போது ஹாலந்து நாட்டின் டுக்காட். வார்சாவில் அதையே அச்சு அசலாக அடித்தார்கள். அதே கவச வீரன், அதே லத்தீன் வாசகம். ஒரே ஒரு வித்தியாசம்: வீரனின் தலைக்கு அருகில் கடுகளவில் ஒரு கழுகு. கள்ளத்தனமான வேலைதான், ஆனால் கையெழுத்துப் போடாமல் விட மனம் வரவில்லை போலிருக்கிறது. அந்தக் கடுகளவு கழுகு இருந்தால் சேகரிப்பவர்களிடம் அதன் கதையே வேறு.

அந்த ஆண்டே கிளர்ச்சி அடக்கப்பட்டது. அடுத்து வந்த காசுகளில் ரூபிள் கணக்கும் ஸ்வோட்டி கணக்கும் சேர்ந்தே எழுதியிருக்கும், படம் ரஷ்யக் கழுகு. 1860களில் வார்சா நாணயச்சாலையையே மூடிவிட்டார்கள். இதற்கிடையில் கிராக்கோவ் நகரம் மட்டும் தனிச் சுதந்திர நகரமாக இருந்தது. 1835-இல் தனக்கென்று வியன்னாவில் காசு அடித்துக்கொண்டது. அதில் அந்த நகரத்தின் கோட்டை வாசல் சின்னம் இருக்கும்.

அரசர் இல்லாத கிரீடம்

முதல் உலகப் போரின் நடுவில், 1916 நவம்பர் 5-ஆம் தேதி, ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி ஆகியவற்றின் பேரரசர்கள் சேர்ந்து ஒரு 'போலந்து இராச்சியம்' அறிவித்தார்கள். போலந்துக்காரர்களைத் தங்கள் பக்கம் போரிட வைக்கவே இந்த ஏற்பாடு. 1917, 1918 ஆண்டுகளில் இரும்பில் ஃபெனிக் என்ற சில்லறைக் காசுகள் வந்தன. அவற்றில் கிரீடம் சூடிய கழுகு, 'போலந்து இராச்சியம்' என்ற பெயர். இராச்சியம் சரி, கிரீடமும் சரி. அரசர் மட்டும் கிடையாது. கடைசிவரை யாரையும் நியமிக்கவில்லை.

1918-இல் போலந்து நிஜமாகவே விடுதலை பெற்றது, குடியரசாக. இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும்: குடியரசுக்கு எதற்குக் கிரீடம்? அன்றே அது கேட்கப்பட்டது. இடதுசாரிகளுக்குக் கிரீடம் பிடிக்கவில்லை. ஆனாலும் 1919 ஆகஸ்ட் 1-ஆம் தேதிச் சட்டம் கிரீடத்தை வைத்துக்கொண்டது. 1295-ஐ நினைத்துப் பாருங்கள். இந்தக் கிரீடம் எந்த மனிதர் தலைக்கும் உரியது அல்ல, நாட்டின் தலைக்கு உரியது. யாருக்கும் கட்டுப்படாத நாடு என்ற பொருள். அரசர்கள் போன பிறகும் அது கழுகோடு தங்கிவிட்டது.

புதிய நாட்டின் பணம் மார்க் என்ற பெயரில் ஆரம்பித்து, விலைவாசி எகிறி, ஒன்றுக்கும் உதவாமல் போனது. 1924-இல் பிரதமர் கிராப்ஸ்கி ஸ்வோட்டியைக் கொண்டுவந்தார்: 18 லட்சம் மார்க்குக்கு ஒரு ஸ்வோட்டி. அதற்கான சில்லறையில் பெரும்பகுதியில் 1923 என்றே ஆண்டு இருக்கும். அவற்றில் முடிசூடிய கழுகு.

அப்புறம் 1927 டிசம்பரில் சின்னம் திருத்தப்பட்டது. ஜிக்முந்த் காமின்ஸ்கி என்ற ஓவியர் வரைந்த புதிய கழுகு அதிகாரபூர்வமானது. 1919-ஆம் ஆண்டுக் கழுகின் கிரீடம் மேலே வளைவுகளால் மூடி, உச்சியில் சிலுவை வைத்தது. காமின்ஸ்கியின் கிரீடத்தில் வளைவும் இல்லை, சிலுவையும் இல்லை, திறந்த கிரீடம். இறக்கைகளின் குறுக்கே ஓடும் பட்டையின் நுனிகளில் சின்ன ஐந்துமுனை நட்சத்திரங்கள். சிலுவை எங்கே என்று ஒரு கூட்டம் கோபித்துக்கொண்டது. நட்சத்திரங்களைப் பார்த்து இது கம்யூனிஸ்டுகள் செருகியது என்று பிற்காலத்தில் சிலர் சொன்னதுண்டு. கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வர இன்னும் பதினேழு ஆண்டு இருந்தபோதே அவை அங்கே இருந்தன.

இங்கேதான் காசைப் பற்றி ஒரு முக்கியமான விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். சட்டம் ஒரு நாளில் மாறும், காசு மாறாது. ஒரு காசின் படம் முதலில் பெரிய அளவில் செதுக்கப்படும், பிறகு சிறிதாக்கப்பட்டு எஃகு அச்சாகும், அந்த அச்சிலிருந்து வேலை செய்யும் அச்சுகள் வரும். ஏற்கெனவே அச்சு இருக்கிறது, அடித்த காசு கோடிக்கணக்கில் சந்தையில் இருக்கிறது என்றால் இறகின் வளைவு மாறியதற்காக யாரும் எல்லாவற்றையும் உருக்கமாட்டார்கள். 1923-ஆம் ஆண்டுக் கழுகையே கிரோஷ் காசுகள் 1939 வரை சுமந்துகொண்டிருந்தன. அலுவலகச் சுவரில் ஒரு கழுகு, சட்டைப் பையில் இன்னொரு கழுகு.

நிறமும் ஒரு பிரச்சினை. வெள்ளைக் கழுகு, சிவப்புப் பின்னணி, தங்கக் கிரீடம் என்று சட்டம் சொல்லும். காசில் எல்லாமே ஒரே உலோக நிறம். ஐரோப்பியச் சின்னக் கலையில் இதற்கொரு பழைய உபாயம் உண்டு: நெருக்கமான செங்குத்துக் கோடுகள் போட்டால் அந்த இடம் சிவப்பு என்று பொருள். கேடயத்தோடு கழுகு வரும் காசுகளில் பின்னணியில் மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது கீறல் என்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள்.

1939-இல் ஜெர்மனி போலந்தை ஆக்கிரமித்தது. போலந்து என்ற நாடே இனி இல்லை என்பது ஹிட்லரின் கொள்கை. சில்லறை மட்டும் தேவைப்பட்டது. வார்சாவில் இருந்த பழைய வடிவங்களையே எடுத்து, மலிவான துத்தநாகத்தில் அடிக்கத் தொடங்கினார்கள். 10, 20 கிரோஷ் காசுகளில் ஆண்டுகூட 1923 என்றே இருக்கும். 1939 என்று போட்ட 5 கிரோஷில் நடுவில் ஓட்டை. சின்னம்? முடிசூடிய போலந்துக் கழுகு, அப்படியே. நாட்டை அழித்தவர்களின் கையாலேயே நாட்டின் சின்னம் போர்க்காலம் முழுக்கக் கோடிக்கணக்கில் அச்சாகியது. 1923 என்று போட்ட காசு கருத்துப்போய், லேசாக இருந்தால் அது ஆக்கிரமிப்புக் காலத்துத் துத்தநாகம். பளிச்சென்ற நிக்கல் என்றால் போருக்கு முந்தையது.

கிரீடத்தைக் கழற்றியவர்கள்

கழுகு வெறுந்தலையானது எப்போது என்று கேட்டால், சட்டப் புத்தகம் 1955 டிசம்பர் 7 என்று சொல்லும். காசு அதற்கு ஆறு ஆண்டு முந்தியது.

கதை சோவியத் மண்ணில் தொடங்குகிறது. 1943-இல் அங்கே உருவாக்கப்பட்ட போலந்துப் படைப்பிரிவுக்குத் தொப்பிச் சின்னம் வேண்டியிருந்தது. கம்யூனிஸ்டுகளுக்குக் கிரீடம் ஆகாது. யானினா புரோனியெவ்ஸ்கா என்ற எழுத்தாளர் புவோட்ஸ்க் நகரத் தேவாலயத்தில் இருக்கும் பழைய ஆட்சியாளர்களின் சமாதிக் கழுகை மாதிரியாகக் கொண்டு, கிரீடமில்லாத ஒரு கழுகை வரைந்தார். சிப்பாய்கள் அதைப் பார்த்துவிட்டு வைத்த பெயர் 'கூரிட்சா': பெட்டைக்கோழி. அதிகாரபூர்வ விளக்கம் வேறு: இது பியாஸ்த் வம்சத்துக் கழுகு, நாங்கள் போலந்தின் ஆதி வேருக்குத் திரும்புகிறோம்.

இந்த வாதம் எனக்கு ஒருபோதும் பொருந்தியதில்லை. பியாஸ்த் வம்சத்தவரான ப்ஷெமிஸ்வின் முத்திரையில் கழுகுக்குக் கிரீடம் இருக்கிறது. பியாஸ்த் வம்சத்தின் கடைசி அரசரான காஸிமிரின் கிரோஷில் கிரீடம் இருக்கிறது. கிரீடமில்லாத பியாஸ்த் கழுகுகள் உண்டுதான், ஆனால் அவை நாடு துண்டுபட்டுக் கிடந்த காலத்துச் சிற்றரசர்களுடையவை. புவோட்ஸ்க் சமாதியோ, உள்ளே இருப்பவர்கள் பழையவர்கள் என்றாலும், மேலே தெரியும் அமைப்பு 19-ஆம் நூற்றாண்டில் செய்தது. தொன்மையைத் தேடிப் போய்த் தாத்தா காலத்துப் பொருளை எடுத்துவந்த கதை.

ஆட்சிக்கு வந்தபின் அரசு நடைமுறையில் பயன்படுத்தியது அந்தக் கோழியை அல்ல. காமின்ஸ்கியின் 1927-ஆம் ஆண்டுக் கழுகையே எடுத்து, தலையில் இருந்த கிரீடத்தை மட்டும் நீக்கிவிட்டார்கள். உடல் முழுக்கப் பழைய குடியரசு, தலை புதிய ஆட்சி.

1949 என்று ஆண்டு போட்ட காசுகள் இதைக் காட்டும். 1950 அக்டோபர் கடைசியில் திடீரென்று அறிவிக்கப்பட்ட பணமாற்றத்தில் அவை புழக்கத்துக்கு வந்தன. சம்பளத்துக்கும் விலைக்கும் 100 பழைய ஸ்வோட்டிக்கு 3 புதியது. கையில் ரொக்கமாக வைத்திருந்தவர்களுக்கு 100-க்கு ஒன்றே ஒன்று. வீட்டில் பணம் சேர்த்து வைத்தவர்கள் ஒரே இரவில் சேமிப்பில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தார்கள். அந்தக் கசப்போடுதான் கிரீடமில்லாத கழுகு மக்கள் கைக்கு முதன்முதலில் காசாக வந்து சேர்ந்தது. சட்டப்படி அப்போதும் கழுகுக்குக் கிரீடம் இருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

1949 காசில் இன்னொரு முரண்: விளிம்பில் 'ஷெச்போஸ்போலித்தா போல்ஸ்கா', அதாவது போலந்துக் குடியரசு என்ற பழைய பெயர். 'மக்கள் குடியரசு' என்ற பெயர் 1952 அரசியலமைப்புச் சட்டத்தில்தான் வந்தது, காசில் 1957-இலிருந்துதான் ஏறியது. புதிதாகச் சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். பெயர் பழையது, கிரீடம் உண்டு என்றால் போருக்கு முந்தையது (அல்லது அந்தத் துத்தநாகக் காசு). பெயர் பழையது, கிரீடம் இல்லை என்றால் 1949. பெயரில் 'மக்கள்' இருந்தால் 1957 முதல் ஏறத்தாழ 1990 வரை. பெயர் பழையபடி திரும்பி, கிரீடமும் இருந்தால் 1990-உம் அதற்குப் பின்னும்.

மக்கள் குடியரசுக் காலத்துக் காசுகளின் கழுகுப் பக்கம் கொஞ்சம் சலிப்பூட்டும், அழகெல்லாம் மறுபக்கத்தில். 1958-இல் வந்த 5 ஸ்வோட்டியில் வலையை இழுக்கும் மீனவரைப் பாருங்கள். கழுகுப் பக்கத்தில் தேட வேண்டியது நாணயச்சாலைக் குறி: கழுகின் கால் நகத்துக்குக் கீழே எம், டபிள்யூ என்ற இரண்டு எழுத்துகள், லென்ஸ் வைத்தால்தான் தெரியும். 1970களின் நடுவில் சில காசுகளில் இந்தக் குறி இருக்காது. வார்சாவால் சமாளிக்க முடியாமல் லெனின்கிராடில் அடித்து வாங்கிய காசுகள் அவை.

1981 டிசம்பர் 13 அன்று போலந்தில் இராணுவச் சட்டம் வந்தது. ஆட்சியை எடுத்துக்கொண்ட இராணுவக் குழுவின் பெயர்ச் சுருக்கம் 'வ்ரோன்'. போலிஷ் மொழியில் 'வ்ரோனா' என்றால் காகம். இதைவிட நல்ல வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? 'காகம் கழுகை வெல்லாது' என்ற வரி சுவர்களில் ஏறியது. மூல மொழியில் அது எதுகையோடு பாட்டு மாதிரி ஒலிக்கும். கிரீடத்தோடு கழுகை வரைவதே ஓர் எதிர்ப்பாக இருந்த காலம்.

1989-இல் ஆட்சி மாறியது. டிசம்பர் 29-இல் அரசியலமைப்பைத் திருத்தி நாட்டின் பழைய பெயரையும் கழுகின் கிரீடத்தையும் மீட்டார்கள். 1990 பிப்ரவரியில் சின்னத்துக்கான தனிச் சட்டம் வந்தது. போலந்துப் பண நோட்டுகளை வரைந்து புகழ்பெற்ற ஆன்ட்ஜெய் ஹைட்ரிக்கிடம் வேலை போனது. அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. காமின்ஸ்கியின் கழுகையே எடுத்துச் சிறிது சீராக்கி, கிரீடத்தைத் திரும்ப வைத்தார். சிலுவை வைத்த 1919 கிரீடமே வேண்டும் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். கிடைத்தது திறந்த கிரீடம்தான். இறக்கையில் அந்த நட்சத்திரங்கள் இன்றும் உண்டு.

காசு இந்தத் தடவை சட்டத்தோடு ஓடியது, ஆனால் வேறு ஒரு வகையில் மாட்டிக்கொண்டது. 1990 என்று ஆண்டு பொறித்து, கிரீடக் கழுகோடு கிரோஷ் காசுகளையும் ஒரு ஸ்வோட்டிக் காசையும் அடித்தார்கள். ஆனால் அந்த ஆண்டு விலைவாசி இருந்த இருப்பில் ஒரு ஸ்வோட்டிக்கு ஒன்றுமே வாங்க முடியாது. கிரோஷைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆக, அடித்த காசெல்லாம் வங்கிக் கிடங்குக்குள் போனது. பணவீக்கம் அடங்க வேண்டும், பிறகு பூஜ்யங்களை வெட்ட வேண்டும், அதுவரை காத்திருக்க வேண்டும். 1995 ஜனவரி 1 அன்று 10,000 பழைய ஸ்வோட்டிக்கு ஒரு புதிய ஸ்வோட்டி என்று மாற்றினார்கள். ஐந்து வருடம் இருட்டில் கிடந்த கழுகுகள் அன்றுதான் கடைக்கு வந்தன.

இன்றும் வார்சாவில் ரொட்டி வாங்கி மீதிச் சில்லறையைக் கையில் வாங்கினால் அதில் 1990 என்று போட்ட ஒரு ஸ்வோட்டி இருக்க வாய்ப்புண்டு. விளிம்பு தேய்ந்திருக்கும். கழுகின் நெஞ்சு இறகுகள் மழுங்கியிருக்கும், ஏனென்றால் காசில் மேடாக இருக்கும் இடம்தான் முதலில் தேயும். தலைப்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், கிரீடம் தெரியும்.